உள்ளே இருக்கிற சுப்புராயன்

என் புருஷன் தீனதயாளனுக்கும் அவருடைய பெரியப்பா மகன் சுப்புராயனுக்கும் பதினோரு வருஷமாகப் பேச்சு கிடையாது. கச்சிராயபாளையத்துப் பக்கம் எங்களுக்கெல்லாம் கோமுகி வாய்க்கால்தான் கதி, அதில் முறை வைத்துத்தான் தண்ணீர் பாயும். ஒரு தை மாதம் எங்கள் முறை முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போதே சுப்புராயன் மடையைத் தன் கரும்புக்குத் திருப்பிக்கொண்டார் என்பது எங்கள் கட்சி. நேரம் முடிந்த பிறகுதான் திருப்பினேன் என்பது அவர் கட்சி. கடைசியில் மாரியம்மன் கோயிலில் இரண்டு பேரும் கற்பூரத்தை அடித்து அணைத்து, இனி உயிர் போனாலும் ஒருத்தர் முகம் பார்த்து ஒருத்தர் பேசுவதில்லை என்று சத்தியம் செய்தார்கள்.

சத்தியம் செய்த இரண்டு பேராலும் பேசாமல் இருக்க முடியவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு சுவர்தான். காலையில் சுப்புராயன் தன் எருமையிடம் ஆரம்பிப்பார்.

"ஏ எருமை, நேத்து எந்தக் காவாயில உழுந்து கெடந்த? ஒடம்பெல்லாம் நாத்தம் அடிக்குது."

என் புருஷன் கோழிக்கு நொய் போட்டபடி பதில் சொல்வார்.

"தே கோழி, அடுத்தவன் வூட்டுத் தண்ணியக் குடிக்கிற புத்தி ஒனக்கு எங்கேந்து வந்துச்சி? பக்கத்து வூட்டப் பாத்துக் கத்துக்கினியா?"

இப்படி ஜாடையாகவே கால் மணி நேரம் ஓடும். எருமையும் கோழியும் வாங்காத திட்டு எங்கள் தெருவில் கிடையாது. திட்டி முடித்தால்தான் இரண்டு பேருக்கும் பொழுது விடிந்த மாதிரி இருக்கும்.

சுப்புராயன் எருமையிடம் சொன்னதில் பொய் இல்லை. என் புருஷன் குடிப்பார். கருணாபுரத்தில் சாராயம் குடித்து அத்தனை பேர் செத்தபோது, எங்களுக்குக் கரும்பு வெட்ட வருகிற ஆள் ஒருத்தரும் போய்விட்டார். சாவுக்குப் போய்விட்டு வந்து இவர் மூன்று நாள் சோறு தின்னவில்லை. நான்காம் நாள் அந்தத் துக்கத்துக்காகக் குடித்தார். கேட்டால், "நான் கடையில வாங்கிக் குடிக்கறன், கள்ளச்சாராயமா குடிக்கறன்" என்று எனக்கே நியாயம் சொன்னார்.

போன வருஷம் ஆடியில் கண் மஞ்சளாகி, வயிறு குடம் மாதிரி வீங்கிவிட்டது. பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் ஷீபா என்று ஒரு அம்மா. என்னைவிடச் சின்ன வயசு. ஈரல் சுருங்கிப்போய்விட்டது, இனிமேல் குடித்தால் ஆறு மாதம் தாண்டுவது கஷ்டம் என்று பொறுமையாகச் சொன்னார். என் புருஷன் அந்த அம்மா காலைத் தொட்டுக் கும்பிட்டுச் சத்தியம் செய்தார். நாற்பது நாள் தாங்கியது. நாற்பத்தொன்றாம் நாள் சரக்கு நாற்றத்தை மறைக்க வாயில் பாக்கைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

அன்றைக்கு நான் திட்டவில்லை. உட்கார்ந்து அழுதேன். எனக்கு அந்த ஆளைப் பிடிக்கும், அதுதான் என் தொந்தரவு. பிடிக்காத புருஷன் குடித்துச் சாவதை ஒருத்தி எப்படியோ தாங்கிவிடலாம். குடிக்காத நேரத்தில் என் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆளை எப்படி விடுவது?

மறுபடியும் பாண்டிச்சேரி போனோம். டாக்டரம்மா இந்த முறை இவரைத் திட்டாமல் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார்.

"குடிக்கிறவங்க குடல்ல நல்ல கிருமி எல்லாம் கொறஞ்சி கெட்டது பெருகிடுதும்மா. அது ஈரலக் கெடுக்குது. மூளைக்கும் ஏதோ சேதி சொல்லுது, குடி குடின்னு தோண வைக்கிறதுல அதுக்கும் பங்கு இருக்குமோன்னு சந்தேகம். அதனால ஆரோக்கியமா, குடிக்காம இருக்கிற ஒருத்தர் குடல்ல இருக்கிற கிருமியை எடுத்து இவருக்குள்ள விட்டுப் பாக்கறோம்."

"எடுக்கறதுன்னா, எங்கேந்து எடுப்பீங்க டாக்டர்?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காலையில வெளிய போறாங்க இல்ல, அதுலேந்துதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு நாளாக அழுத கண்ணோடு அந்த ரூமில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்த அம்மாவும் கொஞ்சம் சிரித்தார். அப்புறம், சோதித்து, கரைத்து, வடிகட்டிக் குழாய் வழியாகப் பின்பக்கமாகத்தான் விடுவோம், இது இன்னும் ஆராய்ச்சிதான், பலன் நிச்சயம் என்று நான் சொல்ல மாட்டேன் என்றார். கடவுளே நிச்சயம் சொல்லாதபோது டாக்டர் என்ன செய்வார், நான் சரி என்றேன்.

என் புருஷன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "யாருதுன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாத செல்வி. தெரிஞ்சா அந்தாளு மொகத்த எப்பிடிப் பாக்கறது?"

யாருடையது என்பதுதான் எனக்கும் கேள்வி. எனக்குச் சர்க்கரை, அதனால் என்னைக் கழித்துவிட்டார்கள். எங்கள் பெண் அபிநயாவுக்குப் பதினெட்டு ஆகவில்லை. பல் வலிக்குக் கிருமியைக் கொல்கிற மாத்திரை சாப்பிட்டதால் என் தம்பி தேறவில்லை. மிச்சமிருந்த சொந்தத்தில் குடிக்காத ஆம்பளையாக ஒருத்தரைக் காட்டு என்றால், கல்வராயன் மலை உச்சியில் ஏறி நின்று கூப்பிட்டாலும் ஒருத்தன் வரமாட்டான். கார்த்திகை மாதமாக இருந்ததால் மாலை போட்ட சாமிகள் மூன்று பேரை அழைத்துப் போனேன். தினம் இரண்டு வேளை குளியல், சைவச் சாப்பாடு, தரையில் படுக்கை. இவர்களைவிடச் சுத்தமான வயிறு ஜில்லாவிலேயே இருக்காது என்பது என் கணக்கு. டாக்டரம்மா முதல் சாமியிடம், "மாலையைக் கழட்டினதும் என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். சாமி பொய் சொல்லக்கூடாதே, உண்மையைச் சொல்லிவிட்டது. மற்ற இரண்டு சாமிகளும் கேட்பதற்கு முன்பே எழுந்து போய்விட்டன.

கடைசியில் குடிக்காதவர் ஒரே ஒருத்தர் மிஞ்சினார். சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார்.

சுப்புராயனுக்கு ஐம்பத்துநான்கு வயசு. பெண்சாதி இறந்துவிட்டாள், மகன் திருப்பூரோடு போய்விட்டான். கம்பங்கூழும் முருங்கைக்கீரையும்தான் சாப்பாடு. "நாப்பது வருசமா ஒரு மாத்திர முழுங்கினதில்ல" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொள்வார். ஒரு மத்தியானம், என் புருஷன் தூங்குகிற நேரம் பார்த்துப் போனேன். என்னோடு பேசக்கூடாது என்று கற்பூரத்தில் இல்லை என்றாலும் பழக்க தோஷத்தில் அவர் எருமையைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, நீங்கதான் அவரக் காப்பாத்தணும்ங்க" என்று ஆரம்பித்து முழுக்கச் சொன்னேன். எதை எடுப்பார்கள், எங்கே விடுவார்கள் என்பது வரைக்கும் சொன்னேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கோபம் வந்துவிட்டதோ என்று பயந்தேன். தோளெல்லாம் குலுங்கியது. பார்த்தால், சிரிக்கிறார்.

"எருமை, கேட்டியாடி. பதினோரு வருசமா அவனுக்கு ஒன்னு குடுக்கணும், குடுக்கணும்னு நெனச்சிக்கினு இருந்தன். இன்னா குடுக்கறதுன்னு தெரியல. இப்ப அவன் பொண்டாட்டியே வந்து கேக்குது." என் பக்கம் திரும்பினார். "எவ்ளோ வோணும்மா? எத்தினி நாளைக்கு வோணும்?"

"அவருக்குத் தெரியக்கூடாதுங்க மாமா. தெரிஞ்சா செத்தாலும் ஒத்துக்க மாட்டாரு."

"நான் இன்னாத்துக்குச் சொல்லப் போறன்? எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

ஆஸ்பத்திரியில் சொன்ன பத்தியத்தை அவர் இருபத்தோரு நாள் விரதம் மாதிரிக் காத்தார். வெளிச் சாப்பாடு தொடவில்லை. ஒரு கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்காராமல் மொய் மட்டும் வைத்துவிட்டு வந்தார். வயிற்றைத் தடவிக்கொண்டே நடந்தார்.

பாண்டிச்சேரிக்குப் போனதும்தான் சிக்கல் வந்தது. அங்கேயே கொடுத்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். முந்தின நாளே பஸ் ஏறி, விடியற்காலையில் ஆஸ்பத்திரிக் கக்கூஸில் உட்காரவைத்தோம். வரவில்லை. காபி கொடுத்தார்கள், வாழைப்பழம் கொடுத்தார்கள், நர்ஸம்மா அரை மணிக்கு ஒருதரம் வந்து கதவைத் தட்டினார். வேளாவேளைக்கு வரப்பில் உட்கார்ந்து பழகிய மனுஷன், டைல்ஸ் போட்ட அறையில் என்ன செய்வார்? இரண்டாம் நாளும் அப்படியே போனது. பதினோரு மணிக்கு உள்ளேயிருந்து சோர்ந்துபோன குரல் வந்தது.

"செல்வி, இன்னிக்கும் ஆவாதும்மா. காலையில எருமையாண்ட நாலு வார்த்த பேசினாத்தான் எனக்கு எறங்கும். பதினோரு வருசப் பழக்கம்."

நான் அக்கம்பக்கம் பார்த்தேன். யாரும் இல்லை. கதவோரமாகப் போய், "மாமா, நான்தான் எருமைன்னு நெனச்சிக்கினு பேசுங்க" என்றேன்.

"நெசமாவா?"

"பேசுங்கங்க. நான் கேட்டுக்கறன்."

ஆரம்பித்தார் பாருங்கள். என் புருஷனுடைய குடி, சோம்பல், மூக்கு, நடை, கல்யாணத்தன்று அவர் கட்டியிருந்த வேட்டி, எல்லாவற்றையும் எடுத்தார். நானும் எருமை மாதிரி நின்று கேட்டேன். சில இடங்களில் நியாயமாகத்தான் இருந்தது, தலையாட்டினேன். "மடைக்கு முன்ன எவன்டா முந்திக்கினது" என்று கேட்ட கேள்வி பாதியில் நின்றது. அப்புறம் சத்தமே இல்லை. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. டப்பாவை நர்ஸம்மாவிடம் இரண்டு கையாலும் கொடுத்தார்.

அதைச் சோதிக்கப் பத்து நாளுக்கு மேல் ஆகும், அதுவரை உறையவைத்திருப்போம் என்றார்கள். அவரிடம் போன் இல்லாததால் என் நம்பரைக் கொடுத்திருந்தோம். பன்னிரண்டாம் நாள் டாக்டரம்மாவே கூப்பிட்டார்.

"உங்க மாமாவோடது தேறலம்மா. மருந்துக்கு அடங்காத கிருமி ஒன்னு அதுல இருக்கு."

"அவரு மாத்திரையே முழுங்கினதில்லயே டாக்டர்?"

"தண்ணியில, சாப்பாட்டுல எப்படி வேணா வந்திருக்கலாம். அவருக்கு அதனால ஒன்னும் ஆவாது, பயப்பட வேணாம்னு சொல்லுங்க. ஆனா ஈரல் கெட்டவருக்கு அதைக் கொடுக்கக்கூடாது. வேற ஒருத்தர் கொடுத்து நல்லா சோதிச்சது எங்ககிட்ட இருக்கு, அதையே போட்டுடலாம். நீங்க திங்கக்கிழமை அவரக் கூட்டிட்டு வாங்க."

மருந்துக்கும் அடங்காத கிருமி சுப்புராயனிடம் இல்லாமல் வேறு யாரிடம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே போனை வைத்தேன். நிமிர்ந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் நிற்கிறார். பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி முகம்.

"ஆஸ்பத்திரியா? தேறிடுச்சா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்து வரவில்லை. "தேறிடுச்சுங்க மாமா" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை காரியம் முடிந்தது. யாரோ முகம் தெரியாத புண்ணியவானுடைய கிருமிகள் என் புருஷன் வயிற்றில் குடியேறின. பத்து நாளில் பசி எடுக்கிறது என்றார். ஒரு மாதத்தில் கண்ணில் மஞ்சள் குறைந்தது. குடி ஞாபகம் வருகிறதா என்று கேட்டதற்கு, "வருது, ஆனா முன்ன மாதிரி கழுத்தப் புடிச்சி இழுக்கல. தெரிஞ்சவன் ரோட்டுல கைகாட்டற மாதிரி காட்டிட்டுப் போயிடுது" என்றார். மருந்தா, சாவு பயமா, நான் கும்பிட்ட சாமியா என்று எனக்குத் தெரியாது. டாக்டரம்மாவும் இப்போதே சொல்ல முடியாது என்றுதான் சொன்னார்.

ஆனால் என் புருஷனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கொடுத்தவர் பாண்டிச்சேரியில் ஒரு புரொபசராகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். "காலையில எழுந்ததும் பேப்பர் படிக்கணும்னு தோணுது செல்வி. எனக்கு எப்ப தோணிச்சி இதெல்லாம்? உள்ள இருக்கற ஆளு படிச்ச ஆளு." சட்டையை இஸ்திரி போட்டுத்தான் வயலுக்குப் போனார். என்னைக்கூட இரண்டு நாள் "வாங்க, போங்க" என்று கூப்பிட்டார். நான் அதைக் கெடுப்பேனா?

சுவருக்கு அந்தப் பக்கமும் மாற்றம் தெரிந்தது. திட்டு குறைந்து அக்கறை வந்துவிட்டது.

"எருமை, காரம் ஜாஸ்தி துன்னாத. உள்ள இருக்கறதுங்களுக்கு ஆவாது. கீரை துன்னு. மோரு குடி."

"இவனுக்கு இன்னா ஆச்சி? எருமைக்குப் போயி மோரு குடிக்கச் சொல்றான்" என்று என் புருஷன் என்னைக் கேட்டார். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

சாயங்காலமானால் சுப்புராயன் சரக்குக் கடைக்கு எதிரே இருக்கிற மதகில் போய் உட்கார்ந்துகொண்டார். கடை மூடுகிற வரைக்கும் காவல். என் புருஷன் அந்தப் பக்கம் வருகிறாரா என்று பார்க்கத்தான். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனுஷன் தினம் கடை வாசலில் உட்கார்ந்திருந்தால் ஊர் சும்மா இருக்குமா? சுப்புராயனும் ஆரம்பித்துவிட்டார் என்று பேசினார்கள். அதையும் தாங்கிக்கொண்டார். பாவம், அவர் காவல் காத்தது யாரோ ஒருத்தருடைய சொத்தை.

ஐந்து மாதம் இப்படிப் போனது. கெட்டது சூசை டீக்கடையில். நான் அங்கே இல்லை, சூசை அண்ணன்தான் அப்புறம் சொன்னார். ஒரு முற்பகல் நாலு பேர் உட்கார்ந்து, தீனதயாளன் எப்படித் திருந்திவிட்டான், மன உறுதி என்றால் அதுதான் என்று புகழ்ந்திருக்கிறார்கள். சுப்புராயன் டீயைப் பாதியில் வைத்திருக்கிறார். எதிரிக்குப் புகழ் போவதைப் பொறுக்கலாம், தனக்கு வரவேண்டிய புகழ் எதிரிக்குப் போவதை எப்படிப் பொறுப்பது?

"அவன் எங்கய்யா திருந்தினான்? உள்ள இருக்கறது நானு."

அதோடு நிறுத்தவில்லை. பாண்டிச்சேரி, டப்பா, இருபத்தோரு நாள் பத்தியம் எல்லாவற்றையும் கடைக்காரரில் இருந்து பஸ்ஸுக்கு நின்றவர் வரைக்கும் கேட்கச் சொல்லி முடித்தார். நிமிர்ந்து பார்த்தால் கடை ஓரத்தில் பேப்பரும் கையுமாக என் புருஷன் நிற்கிறார்.

நான் வயலில் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தேன். உச்சி வெயில். என் புருஷன் வரப்பில் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு குவாட்டர். கொட்டகைப் படியில் உட்கார்ந்து மூடியைத் திருகித் திறந்தார்.

"இன்னா பண்றீங்க?"

"அவனக் கொல்லப் போறன்."

"யார?"

"உள்ள ஒக்காந்துக்கினு இருக்கறானே சுப்புராயன், அவன." பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். "சாராயம் பட்டா நல்ல கிருமிங்க செத்துடும்னு டாக்டரம்மா சொல்லிச்சா இல்லியா? குடிக்கறதுக்காகக் குடிக்கல செல்வி. அவன் ஒருத்தன் கூட உசுரோட இருக்கக்கூடாது."

"நீங்க செத்துடுவீங்க."

"அவன வயித்துல வெச்சிக்கினு பேப்பர் படிச்சிருக்கறனே, அதுக்கு இது தேவலாம்."

வாயருகே கொண்டுபோனார். நான் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு வழி இல்லை, உண்மையைச் சொன்னேன். "உள்ள இருக்கறது அவரு இல்லிங்க. அவரோடதுல ஏதோ கிருமி இருக்குதுன்னு ஆஸ்பத்திரியிலயே கழிச்சிட்டாங்க. உங்களுக்குப் போட்டது வேற யாரோடதோ. அவருக்கே தெரியாது, நான்தான் சொல்லல."

கை நின்றது. "பொய் சொல்ற."

"அபிநயா மேல சத்தியம்."

அவர் என்னையே பார்த்தார். பாட்டில் மெல்ல இறங்கிப் படியில் உட்கார்ந்தது. கடைவாயில் ஒரு சிரிப்பு வந்தது. கோயிலில் கற்பூரம் அடித்த நாளுக்கு அப்புறம் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை.

"கழிச்சிட்டாங்களா?"

"கழிச்சிட்டாங்க."

"நாப்பது வருசமா மாத்திர முழுங்காதவனோடதயா?"

"ஆமாங்க."

தொடையில் தட்டிக்கொண்டார். "டீக்கடைக்கு இப்பவே போறன். நாலு பேரு முன்னால சொல்லணும். அவன் மூஞ்சி போற போக்கப் பாக்கணும். ஒன்னுது வியாதிக்காரனுக்கே ஆவாதுன்னு தூக்கிப் போட்டாங்கடான்னு சொல்லணும்."

குடிக்கப் போனவரை நிறுத்திக் கையில் கத்தியைக் கொடுத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. "வேணாங்க, அந்த மனுஷன் உங்களுக்காக என்னென்ன பண்ணினாரு தெரியுமா" என்று கெஞ்சினேன். காதிலேயே வாங்கவில்லை. எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

அதற்குள் கரும்புக்கு நடுவே யாரோ ஓடிவருகிற சத்தம் கேட்டது. சுப்புராயன். தோளில் துண்டு இல்லை, காலில் செருப்பு இல்லை. கரும்புச் சோகை கிழித்து முகமெல்லாம் கீறல். இவர் கடையில் பாட்டில் வாங்கியதை யாரோ சொல்லியிருக்கவேண்டும். மூச்சு வாங்க வந்து நின்று, பேச வாயெடுத்தவர் அக்கம்பக்கம் பார்த்தார். ஆடு இல்லை, மாடு இல்லை, ஒரு காக்காய்கூட இல்லை. கடைசியில் கொட்டகையைப் பார்த்துப் பேசினார்.

"ஏ மோட்டாரு. குடிச்சிட்டியா?"

மோட்டார் சும்மா இருந்தது. என் புருஷனும் சும்மா இருந்தார். சுப்புராயன் படியில் இருந்த பாட்டிலைப் பார்த்தார், மூடி திறந்திருந்ததைப் பார்த்தார். அப்புறம் நேராக என் புருஷன் முகத்தைப் பார்த்தார்.

"தீனா, குடிக்காதடா."

பதினோரு வருஷத்துக்கு அப்புறம் முதல் பேச்சு.

"நான் வாயத் தெறந்தது தப்பு. என் புத்தி அப்பிடி. டீக்கடைக்கு வா, நான் சொன்னதெல்லாம் பொய்யின்னு நாலு பேரு கால்ல உழுந்து சொல்றன். அன்னிக்கு ஒன் நேரம் முடியறதுக்கு முன்னயே மடையத் திருப்பினன். ஒரு மணி நேரம் இல்லடா, ஒன்ற மணி நேரம். அத்தயும் சொல்றன்." துண்டு இல்லாத தோளைத் தொட்டுக் காட்டினார். "ஒங்கப்பா, எஞ் சித்தப்பா, குடிச்சிச் செத்தப்ப நான்தான் ஒரு பக்கம் தோள் குடுத்தன். ஒன்னத் தூக்கறதுக்கு எனக்குத் தோள்ல தெம்பு இல்லடா."

என் புருஷன் அசையவில்லை. கையில் அவ்வளவு பெரிய ஆயுதம் இருக்கிறது, எதிரி தானாக வந்து கழுத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தைக்கு அப்புறம் சுப்புராயன் இந்த ஊரில் நெஞ்சு நிமிர்த்தி நடக்க முடியாது. கிடைத்த சந்தர்ப்பத்தை என் புருஷன் விட்டு நான் பார்த்ததே இல்லை. சொல்லிவிடாதே, சொல்லிவிடாதே என்று மனசுக்குள் மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றேன்.

அவர் குனிந்து பாட்டிலை எடுத்தார்.

"ண்ணா, மூடியத் தெறந்து வாயாண்ட கொண்டுபோனன். கொமட்டிக்கினு வருது. உள்ள எறங்கவே மாட்டன்னுது." பாட்டிலை அவரிடம் நீட்டினார். "நீ உட மாட்டன்ற. உள்ள ஒக்காந்துக்கினு நீதான் தடுக்கற."

சுப்புராயன் பாட்டிலை வாங்கிக்கொண்டு அவரையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், அவருக்கே உரிய அந்தப் பெருமை முகத்தில் வந்து ஏறியது.

"வேற எப்பிடிடா இருக்கும்? என்னுதாச்சே" என்றார். கரும்பு வேருக்கு ஆகாது என்று சொல்லி, வண்டிப்பாதை வரைக்கும் கொண்டுபோய்ச் சாய்த்துவிட்டு வந்தார்.

குடிகாரன் பெண்டாட்டிக்குப் பொய் புதிது இல்லை. குடிக்கவில்லை என்று சொன்ன பொய், ஒரு கட்டிங்தான் என்று சொன்ன பொய், நாளையிலிருந்து விட்டுவிடுகிறேன் என்ற பொய். பத்தொன்பது வருஷமாகக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. இவர் வாயில் இருந்து இன்னொருத்தருக்காக ஒரு பொய் வந்து நான் கேட்டதில்லை. அழக்கூடாது என்று நினைத்தும் அழுதுவிட்டேன். புல்லுக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டதால் அது அவர்களுக்குத் தெரியவில்லை.

இரண்டு பேரும் எனக்கு முன்னால் வரப்பில் நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும், "ஒன்ற மணி நேரமாண்ணா?" என்று என் புருஷன் கேட்டார். "கொஞ்சம் கூடவே இருக்கும்" என்றார் அவர். சண்டை அங்கேயே ஆரம்பித்துவிட்டது. முகத்தைப் பார்த்து, கையை நீட்டி, வாய்க்கால் மதகு வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். நான் பின்னால் போனேன். இந்த ஆள் பிழைத்துக்கொள்வார் என்று ஆடி மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் எனக்கு முதல் தடவையாகத் தோன்றியது.